துணிச்சல் யாருடைய செலவில்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதற்கான கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரில் வருகின்றன. அக்டோபர் பிறந்ததுமே நம் வளாகங்களில் ஓர் அறிவுரை வலம் வரத் தொடங்கிவிடுகிறது. வழிகாட்டுக் கூட்டங்களிலும் இணையவழிப் பயிலரங்குகளிலும் வெளிநாட்டில் இடம் பெற்றவர்களின் உரைகளிலும் ஒரே செய்திதான்: எஸ்.ஓ.பி.யில் துணிந்து எழுதுங்கள். பத்தோடு பதினொன்றாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். உங்கள் வாழ்க்கையைத் திறந்து காட்டுங்கள். இழப்பதற்கு என்ன இருக்கிறது?

இழப்பதற்கு நிறைய இருக்கிறது. துணிச்சல் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மிடம் இன்று பரிந்துரைக்கப்படும் துணிச்சல் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், அதன் செலவு முழுவதும் மாணவர் தலையிலேயே விழுகிறது என்பதும், படிப்பவர் துணியாதவரை எழுதுபவரிடம் துணிச்சலைக் கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்பதுமே என் வாதம்.

முதலில் செலவைக் கணக்கிடுவோம். ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை. ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் கரைந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களுக்கு வழங்கப்படும் தொகை மாதம் 8,000 ரூபாய். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கே 37,000 ரூபாய்தான். முதுகலை மாணவர் பலருக்கு அதுவும் இல்லை. கட்டண விலக்குத் தரும் இடங்களும் உண்டு. ஆனால் அது யாருக்கு, எப்படிக் கிடைக்கும் என்பதை அறிந்திருப்பதே தனியொரு வசதி. பணத்தைத் தாண்டியும் ஒரு விலை உண்டு. ஒரு சுற்றுத் தவறினால் அடுத்த சுற்றுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். "இன்னும் ஒரு வருடம்" என்று வீட்டில் மன்றாட வேண்டிய நிலையிலுள்ள பெண்களுக்கு அந்த ஓராண்டின் விலை எந்த நாணயத்திலும் அடங்காது. "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பந்தியில் அடுத்தவர் பொருளைத் தாராளமாகப் பரிமாறுபவரைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தவர்கள், இனிமேல் விண்ணப்பிக்க இருப்பவர்களிடம் "இழப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கும்போது எனக்கு அந்த நெய்தான் நினைவுக்கு வருகிறது.

இவ்வறிவுரையைச் சொல்பவர்கள் தீய எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் சுட்டும் நோய் உண்மையானது. ஒவ்வோர் ஆண்டும் இளைய மாணவர்கள் அனுப்பும் வரைவுகளைப் படிக்கிறேன். "சிறுவயது முதலே மொழிகளின்மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கி, "உலகப் புகழ்பெற்ற உங்கள் துறையில் பயில்வது என் கனவு" என்று முடிபவை பல. துறையின் பெயரை மாற்றிவிட்டால் அதே கட்டுரையை எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். ஆலோசனை மையங்கள் விற்கும் அச்சுகளில் வார்க்கப்பட்ட இத்தகைய கட்டுரைகள் தோற்பதில் வியப்பில்லை. கோழைத்தனமும் தோற்கிறது என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன்.

ஆனால் நோய்க்குச் சொல்லப்படும் மருந்து என்ன? இரண்டு வகை மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று நடை வித்தை: இறந்துபோன ஒரு மொழிக்குக் கடிதம் எழுதுவது, நாடக உரையாடலாகத் தொடங்குவது, சமையல் குறிப்பின் வடிவில் ஆய்வு ஆர்வத்தை விளக்குவது. மற்றொன்று காயத்தைக் காட்டுவது: குடும்பத்தின் வறுமை, சாதியால் நேர்ந்த அவமானம், நோய், இழப்பு ஆகியவற்றை முதற்பத்தியிலேயே வைப்பது. இரண்டுமே துணிச்சல் போலத் தோன்றுகின்றன. இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றில் எவரும் மறுக்கக்கூடிய கூற்று ஒன்றுகூட இல்லை. உங்கள் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். உங்கள் கடிதம் தவறு என்று சொல்ல இயலாது. உங்கள் துயரத்தைக் கண்டு ஒருவர் இரங்கலாம். அதோடு வாதிட இயலாது. ஆய்வுலகில் துணிச்சல் என்பது தவறாகக்கூடிய ஒன்றைச் சொல்வது. மறுக்க இயலாததை எழுதுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருந்தாலும் அது வேறு வகைத் துணிச்சல். ஆய்வுத் துணிச்சல் அன்று.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை உண்டு. இரு வேறு எழுத்து வகைகள் இணையத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அமெரிக்க இளங்கலைச் சேர்க்கைக்குக் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத்தில் 650 சொற்களுக்கு மிகாமல் எழுதப்படும் தன்வரலாற்றுக் கட்டுரை ஒன்று. அது பள்ளி முடிக்கும் மாணவர் எழுதுவது. சேர்க்கை அலுவலர்கள் படிப்பது. எழுதுபவர் எத்தகைய மனிதர் என்பதை அறியவே அது கேட்கப்படுகிறது. தோல்வியிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்கும் வினாவும் அதன் வினாப்பட்டியலில் உண்டு. முனைவர் பட்டத்துக்கான நோக்க அறிக்கையோ அந்தத் துறையின் ஆசிரியர்கள் படிப்பது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் இவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா, இவருடைய வினா எங்கள் துறையில் வளருமா என்பதே அவர்களுடைய கேள்வி. முதல்வகைக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை இரண்டாம் வகைக்குப் பெயர்த்து நடுவது, திருமண வாழ்த்துமடலின் நடையில் வாடகை ஒப்பந்தம் எழுதச் சொல்வதற்கு ஒப்பானது.

பெயர்த்து நடுவதற்கு முன் அந்த முதல்வகையின் வரலாற்றையாவது பார்த்திருக்க வேண்டும். ஜெரோம் கராபெல் 2005இல் வெளியிட்ட 'தி சோசன்' என்னும் நூல், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் சேர்க்கை வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. நுழைவுத் தேர்வில் யூத மாணவர்கள் பெருமளவில் வென்று வந்த நிலையில், 1920களில் இந்நிறுவனங்கள் மதிப்பெண்ணோடு 'குணநலன்', 'ஆளுமை' என்னும் அளவுகோல்களையும் முன்னிறுத்தின. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பது அறிவைத் தாண்டிய பரந்த பார்வை என்று நமக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் வேண்டாதவர்களை வெளியே நிறுத்துவதற்கு அந்தக் கேள்வி பயன்பட்டது என்பதே அதன் பிறப்பு வரலாறு. பின்னாளில் அதே கேள்வி, வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களை உள்ளே அழைப்பதற்கும் பயன்பட்டது உண்மைதான். எனினும் எவரை அழைப்பது என்ற முடிவு எப்போதும் படிப்பவர் கையிலேயே இருந்தது.

2023 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதைத் தடைசெய்தபோது, தன் வாழ்வில் இனம் எவ்வாறு பாதிப்பை ஏற்படுத்தியது என்று விண்ணப்பதாரர் எழுதினால் அதைப் பல்கலைக்கழகம் கருத்தில் கொள்ளலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் குறிப்பிட்டார். தடைசெய்யப்பட்டதைக் கட்டுரை வழியாகத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. விளைவு என்ன? ஒரு சமூகத்தின் மீதான அநீதியைச் சமன்செய்யும் பொறுப்பு, கொள்கையின் தோளிலிருந்து இறங்கிப் பதினேழு வயது மாணவரின் 650 சொற்களின்மீது ஏறியது. தன் காயத்தை எவ்வளவு நன்றாக எழுதுகிறார் என்பதைப் பொறுத்து நீதி அமையும் என்றால், அதை நீதி என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

நன்றாக எழுதுவது என்பதும் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த 60,000 பேரின் கட்டுரைகளைக் கணினிவழி ஆராய்ந்த ஓர் ஆய்வு 2021இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளிவந்தது. கட்டுரையின் உள்ளடக்கத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் இடையிலான தொடர்பு, எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் இடையிலான தொடர்பைவிட வலுவானது என்பது அதன் முடிவு. தேர்வு மதிப்பெண் பணக்காரர்களுக்குச் சாதகமானது, கட்டுரை மனிதரைக் காட்டும் என்று நம்பியவர்கள் இம்முடிவை நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். கட்டுரை மனிதரைக் காட்டுகிறது. அவருடைய வீட்டையும் சேர்த்தே காட்டுகிறது.

இங்கே மொழியியல் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. எழுத்து வகைமைகளை ஆராய்ந்த ஜான் சுவேல்ஸ், கல்வியுலகின் சில எழுத்து வகைகள் பொதுப்பார்வைக்கு வராமல் மறைந்தே இயங்குகின்றன என்று 1996இல் சுட்டிக்காட்டினார். ஆய்விதழுக்கு அனுப்பும் முகப்புக் கடிதம், பரிந்துரைக் கடிதம், மதிப்பீட்டாளர் அறிக்கை போன்றவை இத்தகையவை. ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டால், நூலகத்தில் ஆயிரம் மாதிரிகள் உள்ளன. எந்த மரபு இறுக்கமானது, எது நெகிழ்வானது என்பதைப் படித்தே உணரலாம். நோக்க அறிக்கைக்கு அத்தகைய நூலகம் கிடையாது. வென்ற அறிக்கைகள் எவை, தோற்றவை ஏன் தோற்றன என்பது குழுவின் அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மாதிரிகள் அக்கா, அண்ணன், பேராசிரியர் மாமா என்ற வலைப்பின்னல் உள்ளவர்களுக்குக் கைமாறி வருகின்றன. ஏனையோருக்கு இணையத்தின் அறிவுரை மட்டுமே மிஞ்சுகிறது. மரபையே பார்த்திராதவரிடம் மரபை மீறச் சொல்வது எப்படி அறிவுரையாகும்? யாப்பறிந்தவர் தளையை மீறினால் அது உத்தி. அறியாதவர் மீறினால் அது பிழை.

இன்னும் ஒருபடி மேலே சென்று சொல்வேன்: அறிந்தே மீறினாலும், மீறுபவர் யார் என்பதைப் பொறுத்தே அது உத்தியா பிழையா என்று தீர்மானிக்கப்படுகிறது. பாஸ்டனில் பள்ளிப்படிப்பு முடித்தவர் வினைமுற்றில்லாத ஒரு துண்டு வாக்கியத்தை எழுதினால் அது நடை. தென்காசியிலோ தும்காவிலோ அரசுப் பள்ளியில் படித்தவர் அதே வாக்கியத்தை எழுதினால் அவருடைய ஆங்கிலம் ஐயத்துக்குரியதாகிறது. வாக்கியம் மாறவில்லை, அதை வாசிக்கும் எதிர்பார்ப்பு மாறுகிறது. நடைத் துணிச்சலைப் பொதுவிதியாகப் பரிந்துரைப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பேசுவதே இல்லை.

"அப்படியானால் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி வாய்திறக்கவே கூடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இதற்கு நேர்விடை தர வேண்டும். வாழ்க்கை கட்டுரைக்குள் வரட்டும். ஆனால் சான்றாக வரட்டும், காணிக்கையாக வேண்டாம். எழுத்துமரபு இல்லாத ஒரு பழங்குடி மொழியைப் பேசி வளர்ந்த மாணவி அம்மொழியின் வினையமைப்பை ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் அம்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டதை முதற்பத்தியில் எழுதச் சொல்லி அவரை வற்புறுத்துவோர் உண்டு. நான் அவரிடம் வேறொன்றைக் கேட்பேன்: இதுவரை வெளிவந்த இலக்கண விளக்கங்களில் உங்கள் காதுக்குப் பொருந்தாத எடுத்துக்காட்டு எது? அங்கே அவர் சொல்லும் விடையில் அவருடைய வாழ்க்கை முழுவதும் இருக்கும். கூடவே வேறெவராலும் எளிதில் தர இயலாத அறிவும் இருக்கும். தண்டனையைப் பற்றி எழுத அவர் விரும்பினால் அது அவர் உரிமை. அதை நுழைவுக் கட்டணமாக வசூலிக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும் இல்லை, அறிவுரை சொல்லும் நமக்கும் இல்லை.

துணிச்சலின் செலவு வெளிநாட்டு வாயிலில் மட்டும் வசூலிக்கப்படுவதில்லை. சமூகநீதி அமைச்சகம் நடத்தும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் 125 இடங்கள் உள்ளன. அவற்றில் 115 பட்டியல் சாதி மாணவர்களுக்கு உரியவை. 2022இல் வெளியான அதன் வழிகாட்டு நெறிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பொருளாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகியவற்றை உதவித்தொகையின் வரம்பிலிருந்து நீக்கின. சாதியை வாழ்ந்து அறிந்த ஒரு மாணவர், சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய அரசு உதவி கேட்க இயலாது என்பதே இதன் பொருள். அந்த மாணவரிடம் போய் "துணிந்து எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எழுதத் தகுந்த பொருளே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கும்போது நடையில் என்ன துணிச்சல் காட்டுவது?

உள்நாட்டு முனைவர் பட்டச் சேர்க்கையிலும் நிலைமை வேறன்று. 2024இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த முறையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் வழங்கலாம். நேர்காணலில் என்ன நடக்கும் என்பதற்கு முன்சான்று உண்டு. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு 2016இல், சமூகப் பிரிவுகளுக்கேற்ப எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் இடையே தொடர்ந்து காணப்பட்ட வேறுபாடு பாகுபாட்டைச் சுட்டுகிறது என்று கூறி, நேர்காணலின் பங்கைக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஆசிரியர் எழுதிய நூலோடு முரண்படும் மாணவர் "தன்னம்பிக்கை மிக்கவர்" ஆவதும் "திமிர் பிடித்தவர்" ஆவதும் எதைப் பொறுத்து அமைகிறது என்பதை நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருந்த எவரும் அறிவர்.

அமெரிக்க வாயிலிலோ 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளை அனைவரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. ஒரு கை "உங்கள் குரலில் பேசுங்கள்" என்று அழைக்கிறது. மறுகை அந்தக் குரலின் பழைய பதிவுகளைத் துருவுகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, சரியான துணிச்சல் எது என்று காட்டும் கடமை எனக்கு உண்டு. 1913ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தின் எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜன் தன்னைப் பற்றிச் சொன்னது சில வரிகளே: ஆண்டுக்கு இருபது பவுண்டு ஊதியம், பல்கலைக்கழகக் கல்வி இல்லை. எஞ்சியவை பெரும்பாலும் கணிதம். ஹார்டி எழுதிய நூலில் இருந்த ஒரு கூற்றையே எடுத்துக்கொண்டு, பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி அங்கே இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்றைத் தான் கண்டிருப்பதாக அவர் எழுதினார். யாரிடம் உதவி கேட்கிறாரோ அவருடைய எழுத்தோடேயே முரண்பட்டார். குறிக்கத்தக்கது என்னவென்றால், பகா எண்கள் பற்றிய அந்தத் துணிகரமான கூற்று சரியானதாக நிலைக்கவில்லை. ஆயினும் அக்கடிதம் வென்றது. தவறாகக்கூடியதை, சரிபார்க்கத்தக்க வடிவில் அவர் வைத்திருந்தார்.

மேதையை எடுத்துக்காட்டி எளியவர்களுக்கு விதி வகுக்கிறேன் என்று எவரும் சொல்ல வேண்டாம். அந்தக் கடிதத்தை நான் எடுத்ததற்குக் காரணம் வேறு. அதற்கு முன்பு கேம்பிரிட்ஜின் வேறு கணித அறிஞர்களை அவர் அணுகியதில் பயன் கிட்டவில்லை. துணிச்சல் அப்போதும் இருந்தது. துணிந்து படிப்பவர் இல்லை. ஹார்டியும் லிட்டில்வுட்டும் முன்பின் அறியாத ஓர் எழுத்தரின் தாள்களோடு உட்கார்ந்து சரிபார்த்தார்கள். மோசடியாக இருக்கலாம், நகைப்புக்கு இடமாகலாம் என்ற அபாயத்தைத் தங்கள்மீது ஏற்றுக்கொண்டார்கள். கடிதத்தின் துணிச்சலைப் பற்றிப் பேசுபவர்கள் வாசிப்பின் துணிச்சலைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

அதே 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையோடு கொலம்பியாவுக்குச் சென்ற அம்பேத்கர், 1916 மே மாதம் மானிடவியலர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் குறித்த கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. தன் வாழ்வின் அவமானங்களைச் சொல்லி அந்த அவையை உலுக்கியிருக்க முடியும். அவரோ செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எது எங்கே போதாமல் நிற்கிறது என்று காட்டினார். பிறகு அகமணமே சாதியின் சாரம் என்ற தன் கூற்றை நிறுவினார். இறுதியில், தன் கருத்து நிலைக்காது என்று காட்டப்பட்டால் அதைக் கைவிடவும் ஆயத்தமாக இருப்பதாகச் சொன்னார். அது விண்ணப்பக் கட்டுரை அன்று. ஆனால் விண்ணப்பக் கட்டுரைக்கு வேண்டிய துணிச்சலின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது: முன்னோரை நேர்மையாகச் சொல்லுதல், முரண்படும் இடத்தைக் குறித்தல், தன் கூற்றை மறைக்காமல் வைத்தல், அதை வீழ்த்தக்கூடிய வழியையும் உடன் சொல்லுதல்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர, நானே புனைந்த மூன்று தொடக்கங்களை ஒப்பிட்டுக் காட்டுகிறேன். முதலாவது: "தமிழின் இரட்டை வழக்கு குறித்து ஆழமாக ஆராய விரும்புகிறேன்." இது பாதுகாப்பானது, இதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது: "என் பாட்டியின் சொற்கள் பள்ளிக்கூடத்தின் வாசலில் செருப்புகளைப் போலக் கழற்றி விடப்பட்டன." இது அழகாக இருக்கலாம், பாட்டியின் சொற்கள் எவை, பள்ளியின் சொற்கள் எவை, இரண்டுக்கும் இடையில் என்ன நிகழ்கிறது என்று ஆராய இதில் வழியில்லை. மூன்றாவது: "வாட்ஸ்ஆப்பில் எழுதப்படும் தமிழைப் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்ற இருமைப் பகுப்பால் விளக்க இயலாது என்று கருதுகிறேன். அங்கே வினைமுற்றுகள் பேச்சு வடிவுக்கு முதலில் மாறுகின்றன. வேற்றுமை உருபுகள் பின்னரே மாறுகின்றன. இந்த வரிசை ஒரே எழுத்தாளரிடம் தலைகீழாகக் காணப்பட்டால் என் கருத்து விழுந்துவிடும்." இந்த மூன்றாவது கூற்று தவறாகவே இருக்கலாம். ஆனால் அதைப் படிக்கும் ஆசிரியர் மறுத்துப் பேச நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த உரையாடல் தொடங்கினாலே நோக்க அறிக்கை தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு உருவகம் தேவைப்படவில்லை, கண்ணீர் தேவைப்படவில்லை, கான்வென்ட் ஆங்கிலமும் தேவைப்படவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் தெளிவாகியிருக்கிறது. வழுவழுப்பான நடையும் நெகிழ வைக்கும் தொடக்கமும் இன்று நொடிப்பொழுதில் கிடைக்கும் சரக்குகள். டியூக் பல்கலைக்கழகம் 2024இல் இளங்கலை விண்ணப்பக் கட்டுரைகளுக்கு எண்மதிப்பு வழங்குவதை நிறுத்தியபோது, இக்கருவிகளின் பரவலும் கட்டண ஆலோசகர்களின் பங்கும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நடையின் துணிச்சல் மலிந்துவிட்டது. உங்கள் தரவோடு நீங்கள் உட்கார்ந்து கண்டெடுத்த முரண்பாடு இன்னும் மலியவில்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் சில கோரிக்கைகளை வைக்கிறேன். வென்ற நோக்க அறிக்கைகளையும் ஆய்வு முன்மொழிவுகளையும் எழுதியவர் இசைவோடு, பெயர் நீக்கி, துறை நூலகத்தில் வையுங்கள். மறைந்த வகைமை வெளிச்சத்துக்கு வரட்டும். சேர்க்கைக் குழு எதைப் பார்க்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தோடு வெளியிடுங்கள். உங்கள் கருத்தோடு முரண்படும் பருவக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் போடுங்கள். இரண்டு ஆண்டுகள் ஆமோதிப்பை மட்டுமே பரிசளித்துவிட்டு விண்ணப்பக் காலத்தில் மட்டும் துணிச்சலை எதிர்பார்ப்பது முறையன்று. பரிந்துரைக் கடிதத்தில் மாணவரின் "கடின உழைப்பையும் பணிவையும்" பாராட்டுவதை நிறுத்தி, அவர் உங்களோடு எங்கே முரண்பட்டார், அம்முரண் ஏன் பொருட்படுத்தத்தக்கது என்று எழுதுங்கள். மாணவரின் துணிகரமான கூற்றின் பக்கத்தில் உங்கள் பெயரும் நிற்குமானால் செலவு பங்கிடப்படும்.

விண்ணப்பிக்க இருக்கும் நண்பர்களுக்கு: உங்கள் வரைவை எடுத்து, அதில் ஒருவர் "இது தவறு" என்று சொல்லக்கூடிய வாக்கியம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. அப்படி ஒன்று இருந்தால், அதைக் கட்டுரையின் முதற்பத்திக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு என்ன சான்று, எது அதை வீழ்த்தும் என்று அடுத்த பத்தியில் சொல்லுங்கள். உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். கருத்துக்காகத் தோற்றால், அக்கருத்தைத் திருத்திக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். காயத்தை வைத்துத் தோற்றவரிடம் எதைத் திருத்தச் சொல்வீர்கள்?